தேடுவதற்கு இரண்டு பேர்: பேசிக்கொண்டா, பார்வையைப் பகிர்ந்தா, தனித்தனியாகவா?

திரை முழுக்க ஆங்கில க்யூ எழுத்துகள். அவற்றுக்கு நடுவே எங்கோ ஓர் ஓ. வித்தியாசம் அந்தக் குட்டி வால் மட்டும்தான் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சூசன் பிரென்னன், கிரெகரி செலின்ஸ்கி குழுவினர் இந்த வேலையை ஜோடி ஜோடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இருவரும் வெவ்வேறு இடத்தில் இருப்பார்கள். ஒரு ஏற்பாட்டில் பேசிக்கொள்ளலாம். இன்னொன்றில் பேச்சே கிடையாது. ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பது மற்றவர் திரையில் ஒரு குறியாக நகர்ந்துகொண்டிருக்கும். மூன்றாவதில் இரண்டும் உண்டு.

முடிவு 2008-இல் வெளியானது. தனியாகத் தேடியவர்களை ஜோடிகள் முந்தியதில் வியப்பில்லை. ஆனால் முதலிடம் பிடித்தது பேசாமல் பார்வைக் குறியை மட்டும் வைத்துத் தேடிய ஏற்பாடு. தனியாளின் வேகத்தைப் போல இரு மடங்கு. வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் கணக்குப்படி கிடைக்கக்கூடியதே அவ்வளவுதான்; ஆக, ஒத்துப்போவதற்கென்று அவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. குறியோடு பேச்சும் இருந்த ஏற்பாடு, வசதி கூடுதலாக இருந்தும், பின்தங்கியது.

பேச்சு ஏன் காலை வாருகிறது? ஓர் இடத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். "மேலே, இடது பக்கம், கொஞ்சம் உள்ளே தள்ளி..." என்று முடிப்பதற்குள் கண் பத்து இடம் போய்வந்திருக்கும். கேட்பவரும் தன் தேடலை நிறுத்திவிட்டு அந்தச் சொற்களை இடமாக மாற்ற வேண்டும். குறி அப்படியில்லை. எதிராளி வலது பக்கம் மேய்வது தெரிந்தால் நான் இடது பக்கம் போய்விடுவேன், ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.

இதே குழு 2010-இல் இன்னொன்றைச் சோதித்தது. நகரக் காட்சியொன்றில், கட்டடங்களின் ஜன்னல்களில் ஏதோ ஒன்றில் துப்பாக்கிக்காரன் தோன்றுவான். இருவரும் அவனைக் கண்டு, இவன்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கேயும் பார்வைக் குறியே பேச்சை முந்தியது. லாபம் பெரும்பாலும் வந்தது எங்கே என்பதுதான் சுவாரசியம்: ஒருவர் கண்ட பிறகு மற்றவரும் அதே ஜன்னலுக்கு வந்து சேரும் நேரம் குறைந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது "எந்தக் கட்டடம்? எந்த வரிசை?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆகுமா?

அப்போ பேச்சே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதே 2010-இல் சயின்ஸ் இதழில் பஹதோர் பஹ்ராமி குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. இரண்டு காட்சிகள் கணநேரம் தோன்றி மறையும். வித்தியாசமான உரு எதில் இருந்தது என்று இருவரும் தனித்தனியே சொல்ல வேண்டும், பதில் மாறினால் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். தங்களுக்கு எவ்வளவு நிச்சயம் என்று பேசிக்கொண்டவர்கள், இருவரில் கெட்டிக்காரரையும் மிஞ்சினார்கள். ஒரு நிபந்தனை: இருவர் கண்ணும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால், கெட்டிக்காரரைத் தனியே விட்டிருந்தாலே தேவலை என்றானது. என் கணிப்பு இதுதான்: "எங்கே" என்பதற்கு வாய் வேண்டாம், "இது அதுதானா" என்பதற்கு வாய் வேண்டும்.

வேகம் முக்கியமில்லை, தப்பவிடக் கூடாது என்றால் பாதி பாதியாகப் பிரிப்பதே ஆபத்து. உங்கள் பாதியில் நீங்கள் விட்டதைப் பிடிக்க ஆளே இல்லை. பிரிட்டனின் மார்பகப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படத்தையும் இரண்டு பேர் முழுதாகப் பார்ப்பது இதனால்தான். கருத்து மாறுபட்டால் மூன்றாமவரோ குழுவோ தீர்க்கும். வேலை இரட்டிப்பு, நேரம் மிச்சமில்லை. ஆனால் ஆயிரம் பேரில் எட்டொன்பது பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும் என்கிற மாதிரியான வேலை இது. அரிதாக வருவதைக் கண் விட்டுவிடும் என்று ஜெரமி உல்ஃப் குழு 2005-இலேயே காட்டியது: தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம் தவறியது, நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம்.

இரட்டைப் பார்வையும் முழுக் காப்பு அல்ல. நுரையீரல் சிடி படங்களில் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியபோது 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை (2013). அவர்கள் தேடியது சிறு கட்டிகளை. ஒரே பயிற்சி பெற்று, ஒரே பொருளைத் தேடும் இருவரை அடுத்தடுத்து உட்காரவைத்தால், இருவரும் அதே இடத்தில் கோட்டைவிடக்கூடும்.

இப்போது நாலாவது ஏற்பாடும் களத்தில் இருக்கிறது: ஒரு மனிதர், ஒரு கணினி. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த மாசாய் என்ற மார்பகப் புற்றுநோய் பரிசோதனை ஆய்வின் 2023 அறிக்கைப்படி, செயற்கை நுண்ணறிவின் துணையோடு மருத்துவர்கள் படங்களைப் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்கள், வழக்கமான இரட்டைப் பார்வையில் கிடைத்த 203-க்குப் பதில் 244. மனிதர் விடுவதும் இயந்திரம் விடுவதும் ஒன்றாக இருக்காது என்பதால் இந்த ஜோடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றுவேன்: மருத்துவர் தன் முடிவைப் பதிந்த பிறகே கணினியின் குறி திரையில் வர வேண்டும். முன்கூட்டியே வந்தால், கண் நேராக அந்தக் குறிக்குத்தான் போகும். படத்தின் மிச்சப் பகுதியைப் பார்க்க ஆள் இருக்காது.