பால் டிஃபரென்ஷியலா, கியர் டிஃபரென்ஷியலா?

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கர இழுவை கொண்ட ஆர்.சி. பக்கியை (ரேடியோவில் இயக்கும் சிறு பந்தய வண்டி) பந்தயத்துக்குத் தயார்செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். டிஃபரென்ஷியல் என்பது வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்; பால் (ball) என்றால் குண்டு, கியர் என்றால் பற்சக்கரம்.

புழுதி படிந்து வழுக்கும் மண் தடம் என்றால் என் கை பால் டிஃபரென்ஷியலைத்தான் தேடும். இரு வளையங்களுக்கு நடுவே சிறு குண்டுகள் உருளும். ஒரே திருகில் இறுக்கத்தை மாற்றலாம். வளைவு முடிந்து வேகமெடுக்கும்போது வண்டி பதறாமல் கிளம்பும், அந்த மென்மை அவ்வளவு பிடிக்கும். ஆனால் அடிக்கடி கவனிக்க வேண்டும். ஒருமுறை திருகைத் தளர்வாக விட்டு ஓட்டிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் வளையத்தில் வட்டமாகப் பள்ளம், கிரீஸ் மைபோலக் கறுத்திருந்தது. முதலில் வழுக்க வேண்டியது ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் விசை வரும்போது வழுக்கி மற்ற பாகங்களைக் காப்பது), டிஃபரென்ஷியல் அல்ல!

கியர் வகையில் அந்தப் பயமில்லை. உள்ளே ஊற்றும் சிலிகோன் எண்ணெய்தான் குணத்தைத் தீர்மானிக்கிறது. 3,000 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு) என்றால் இரு சக்கரங்களும் தாராளமாக வெவ்வேறு வேகத்தில் சுழலும்; 10,000 என்றால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். பிடிமானம் மிகுந்த கார்ப்பெட் தடத்துக்கு இதுவே மேல். புதியவர்களும் இதையே வாங்கலாம். ஆனால் எண்ணெயை மாற்ற டிஃபரென்ஷியலையே கழற்ற வேண்டும். அப்போது எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் பாருங்கள், கசிவு அங்கேதான் தொடங்கும்.