சீசன் டிக்கெட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்: நான் ஏமாந்த கதை

சொந்த மைதானத்தில், ஒரு வருடத்துக்கு முழுப் பணம் கட்டி வாங்கிய இருக்கையில் இருந்து எழுந்து நின்று கத்தியதற்கு, "சார், உட்காருங்க, பக்கத்தில் இருப்பவர்களைச் சீண்டாதீங்க" என்று பாதுகாப்பு ஊழியர் வந்து என்னை உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எதிரணி ரசிகர்கள். அந்த ஸ்டாண்ட் எங்கள் அணி ரசிகர்களுக்கு மட்டும் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள்.

வேலைக்காகப் புது ஊருக்குப் போனபோது அலுவலகத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு கால்பந்து அணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒன்று வேண்டும் போல இருந்தது. ஊரில் பெரிய அணி ஒன்று, சிறிய அணி ஒன்று. பெரிய அணிக்குச் சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் வருடக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டும், சிறிய அணிக்கோ இணையத்தில் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அதுவும் போக, தோற்கிற பக்கம் நிற்பதில் ஒரு கெத்து இருப்பதாக அந்த வயதில் ஒரு நினைப்பு. எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்த டிக்கெட் எதிரணிக்காரனுக்கும் அதே சுலபத்தில் கிடைக்கும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சாதாரண ஆட்டங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பாதி இருக்கைகள் காலி, காலை நீட்டி உட்காரலாம். அப்புறம் வந்தது பெரிய அணியோடு ஆட்டம். என் வரிசையில் வழக்கமாக வரும் முகங்கள் ஒன்றையும் காணோம். என் இடப்பக்கம் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரும் கழுத்து வரை ஜிப் போட்ட கறுப்பு ஜாக்கெட்டில் அமைதியாக இருந்தார்கள். சரி, குளிர் என்று நினைத்தேன். எதிரணி முதல் கோல் போட்டதும் சர்ர், சர்ர் என்று ஐந்து ஜிப்பும் இறங்கின. உள்ளே அத்தனையும் எதிரணி ஜெர்ஸி! திரும்பிப் பார்த்தால் எங்கள் ஸ்டாண்டே நிறம் மாறியிருக்கிறது. அந்த வீட்டுக் கடைக்குட்டி என் கழுத்துத் துண்டைப் பார்த்துவிட்டு, தப்பு செய்தவள் போல ஒரு சிரிப்பு சிரித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

நான் எழுந்து கத்தியது இரண்டாம் பாதியில் ஒரு ஃபவுலுக்கு. ஊழியர் வந்ததும் டிக்கெட்டில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினேன், எதிரணி நிறத்தில் வருபவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று தெளிவாகவே இருந்தது. அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை பேரை சார் வெளியேற்றுவது?" என்றார். பாவம், அந்தப் பகுதிக்கே அவரும் இன்னொருவரும்தான்.

மறுநாள் கிளப்புக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டிக்கெட்டை யாருக்கு விற்பது என்பது சீசன் டிக்கெட் வைத்திருப்பவரின் விருப்பமாம், கிளப்பின் ரீசேல் ஆப்பில் வாங்குபவர் எந்த அணி ரசிகர் என்று சோதிக்க வழியில்லையாம், ஆறுதலுக்குக் கிளப் கடையில் பத்து சதவீதத் தள்ளுபடியாம். ஒவ்வொரு மறுவிற்பனையிலும் கிளப் ஒரு கமிஷன் எடுத்துக்கொள்கிறது என்பதை அந்த மெயில் சொல்லவில்லை, ஆப்பின் விதிமுறைகளைத் தோண்டி நானே கண்டுபிடித்தேன். ஆக, என் பக்கத்து இருக்கை இரண்டு முறை விற்றிருக்கிறது, இரண்டு முறையும் அவர்களுக்குக் காசு.

பெரிய கிளப்புகளிலேயே இது நடக்கிறது என்பது உண்மைதான். 2022 ஏப்ரல் 14, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம், யூரோப்பா லீக் காலிறுதி. ஃபிராங்ஃபர்ட் அணி ரசிகர்களுக்கு ஒதுக்கியது 5,000 இடம், உள்ளே வந்தவர்களோ ஏறத்தாழ 30,000 பேர், வெள்ளை உடையில். 3–2 என்று பார்சிலோனா தோற்று வெளியேறியது. சொந்த அணியின் தீவிர ரசிகர்கள் இரண்டாம் பாதித் தொடக்கத்தில் தங்கள் இடத்தைக் காலியாக விட்டு எதிர்ப்புக் காட்டினார்கள், கிளப் தலைவர் லபோர்டா வெட்கமாக இருக்கிறது என்றார். இணையத்தில் விற்றதும் உறுப்பினர்கள் கைமாற்றியதும்தான் அத்தனை பேர் உள்ளே வரக் காரணம். 2017 செப்டம்பரில் அர்செனல் மைதானத்துக்கும் ஜெர்மனியின் கொலோன் அணி ரசிகர்கள் ஏறத்தாழ 20,000 பேர் வந்து இறங்கினார்கள், ஒதுக்கியது 3,000 கூட இல்லை, ஆட்டம் தொடங்கவே ஒரு மணி நேரம் தாமதம்.

புதிதாக ரசிகர்களைத் தேடும் அணிகளின் நிலை இன்னும் மோசம். பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் சார்ஜர்ஸ் அணி 2017இல் சான் டியேகோவை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போய், 27,000 பேர் உட்காரும் சின்ன மைதானத்தில் ஆடியது. அதையும் எதிரணிக்காரர்களே நிரப்பினார்கள். சொந்த மைதானத்திலேயே வீரர்கள் ஒருவருக்கொருவர் கத்தினால் கேட்காமல் சைகையில் ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலை. கிரிக்கெட்டில் 2023 ஏப்ரலில் ஈடன் கார்டன் மஞ்சளாக மாறியது நினைவிருக்கும், இவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை கொல்கத்தா ஜெர்ஸியில் வருவார்கள் என்று தோனியே சிரித்துக்கொண்டு சொன்னார். அது ஒருவர் மேல் இருந்த பிரியம், அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை (நானும் மஞ்சள்தான்). என் குறை வேறு. "நம்ம ஆட்களோடு மட்டும் உட்காரலாம்" என்று ஒன்றைச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு, அதைக் காப்பாற்ற ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதது.

வழி இல்லாமலும் இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு பார்சிலோனா ஐரோப்பிய ஆட்டங்களுக்குப் பெயர் போட்ட டிக்கெட் என்று இறங்கியது. அமெரிக்காவின் நாஷ்வில் ஐஸ் ஹாக்கி அணி, சிகாகோ ரசிகர்கள் வந்து குவிவதைத் தடுக்க, அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் வேண்டுமென்றால் இன்னொரு ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டும் என்று வைத்தது. இந்த இரண்டாவது வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது சொந்த ரசிகனின் பையிலும்தான் கை வைக்கிறது.

அதனால் பணம் கட்டும் முன் ஆதரவுப் பிரிவுக்கு மெயில் போட்டு, டிக்கெட் பெயரோடு வருகிறதா, வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது எதுவும் பிறகு நிற்காது. முடிந்தால் சீசன் டிக்கெட் எடுக்கும் முன்னால் பெரிய எதிரணியோடு நடக்கும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தனி டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள். மற்ற ஆட்டங்களைப் பார்த்து முடிவெடுத்தால் நான் ஏமாந்த மாதிரிதான் ஏமாறுவீர்கள்.

இன்னொன்று, தானாகப் புதுப்பிக்கும் கட்டம். வாங்கும்போது அதில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், எடுக்கவில்லை என்றால் அடுத்த சீசனுக்கும் கார்டில் இருந்து பணம் போய்விடும். எனக்குப் போய்விட்டது. வங்கியில் புகார் கொடுத்தேன், விதிமுறையை நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

ஆக இந்த வருடமும் அதே ஸ்டாண்ட், அதே இருக்கை. பெரிய அணியோடு ஆட்டம் அடுத்த மாதம். போன வாரத்தில் இருந்து ஆப் தினமும் ஒரு செய்தி அனுப்புகிறது: "உங்கள் இருக்கையை மூன்று மடங்கு விலைக்கு விற்கலாம்." கீழே பச்சையாக ஒரு பட்டன். நேற்று இரவு அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.