‘ஓவல்’ அட்டையில் முட்டை இல்லை: வடிவச் சொல் அட்டைகள் பற்றி ஒரு மதிப்பீடு

மாலை நேரங்களில் ஒன்பது, பத்தாம் வகுப்பு படிக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இலக்கணத்தை எப்படியோ பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள், ஒரு பொருளின் வடிவத்தைச் சொல்லச் சொன்னால் ‘ரவுண்டு’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். ஆகவே, வட்டம், உருண்டை, முட்டை ஆகிய வடிவங்களைக் குறிக்கும் அன்றாட ஆங்கிலச் சொற்களுக்கென்றே 48 அட்டைகள் கொண்ட பெட்டி ஒன்று 450 ரூபாய்க்குக் கிடைப்பதைக் கண்டதும் தயங்காமல் வாங்கினேன். மூன்று மாதங்கள் வகுப்பில் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

ஒவ்வோர் அட்டையிலும் முன்பக்கத்தில் படமும் சொல்லும், பின்பக்கத்தில் தமிழ்ப் பொருளும் ஒலிப்பும் சொல்லின் வேரும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் உள்ளன. தொடக்கத்திலேயே என் மனத்தைக் கவர்ந்தது ‘ரவுண்ட்’ என்னும் அட்டை. தோசைக்கல்லை வட்டம் என்றும் எலுமிச்சையை உருண்டை என்றும் நாம் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ரவுண்ட்’தான். இந்த வேறுபாட்டை உணர்ந்த ஒருவர்தான் இதைத் தயாரித்திருக்க வேண்டும், ஏனெனில் தோசைக்கல்லும் எலுமிச்சையும் ஒரே படத்தில் அருகருகே உள்ளன. அடுத்த இரண்டு அட்டைகளில் தட்டையானதற்குச் ‘சர்க்குலர்’, திரண்டதற்கு ‘ஸ்ஃபெரிக்கல்’ எனத் தனித்தனியே விளக்கியிருக்கிறார்கள். தமிழில் ஏற்கெனவே உள்ள தெளிவைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போகும் இந்த முறையால், நான் வழக்கமாக ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒரே மாலையில் முடிந்தது.

இந்தக் கவனம் ‘ஓவல்’ அட்டையில் இல்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். பின்பக்கத்தில், முட்டையைக் குறிக்கும் ‘ஓவும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்று வேரைச் சரியாகவே கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கத்திலோ இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருக்கும் துல்லியமான நீள்வட்டம் இருக்கிறது. அதன் கீழே ‘முட்டை வடிவம்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சமையலறையிலிருந்து ஒரு கோழிமுட்டையை எடுத்துவந்து, அட்டையின் மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தாள். ஒரு பக்கம் கோடு படத்தைத் தாண்டி வெளியே புடைத்தது; மறுபக்கம் படத்துக்கு உள்ளேயே ஒடுங்கி முடிந்தது. “மிஸ், முட்டைக்கு ஒரு பக்கம்தானே கூர், இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கே?” என்று கேட்டாள். அவள் கண்டது முழுக்கச் சரி. நீள்வட்டத்தை நீளவாக்கில் மடித்தாலும் குறுக்கே மடித்தாலும் இரு பாதிகளும் பொருந்தும். முட்டையின் வடிவத்தை வெட்டி மடித்தால் நீளவாக்கில் மட்டுமே பொருந்தும்.

‘எலிப்ஸ்’ என்ற அட்டையிலும் இதே படம், இதே தமிழ்ப் பொருள். ‘எலிப்ஸ்’ கணிதத்தின் சொல். இரண்டு குண்டூசிகளில் தளர்வாக ஒரு நூல் வளையத்தை மாட்டி, பென்சிலால் இழுத்துப்பிடித்துச் சுற்றினால் வருவது அதுதான், வேறெதுவும் அன்று. ‘ஓவல்’ அப்படிப்பட்ட கண்டிப்பான சொல் அன்று. முட்டையும் ஓவல், நீள்வட்டமும் ஓவல், இரு பக்கமும் நேராக ஓடி முனைகளில் அரைவட்டமாகத் திரும்பும் ஓட்டப்பந்தயப் பாதையும் ஓவல்தான். லண்டனில் 1845 முதல் கிரிக்கெட் நடக்கும் கென்னிங்டன் ஓவலும், அமெரிக்க அதிபரின் ஓவல் அலுவலகமும் இந்தத் தளர்ந்த பொருளில் பெயர் பெற்றவை. ஆஸ்திரேலியாவில் பள்ளி விளையாட்டுத் திடலைக்கூட ‘ஓவல்’ என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சின்ன விஷயமன்று. செவ்வாய்க் கோளின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர், முதலில் முட்டை வடிவப் பாதை ஒன்றை வைத்துக்கொண்டு நெடுநாள் போராடி, அது பொருந்தாமல் போன பிறகே நீள்வட்டத்துக்கு வந்து, 1609இல் அதை வெளியிட்டார். வானியலின் போக்கையே மாற்றிய அந்த வேறுபாட்டை இரண்டு அட்டைகளிலும் ஒரே படத்தைப் போட்டு மறைத்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இலைகளுக்கான அட்டைகளில் அதே முட்டை எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்பதைப் பார்க்கும்போது வருத்தம் இன்னும் கூடுகிறது. காம்புப் பக்கம் அகன்று நுனி ஒடுங்கிய செம்பருத்தி இலை ‘ஓவேட்’ என்றும், காம்புப் பக்கம் ஒடுங்கி நுனிப்பக்கம் அகன்ற முந்திரி இலை ‘ஆபோவேட்’ என்றும், முட்டையை நேராகவும் தலைகீழாகவும் நிறுத்தியதுபோல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறார்கள். இவற்றைப் பார்த்த பிள்ளைகள் மறுநாள் தெருவிலுள்ள மரங்களின் இலைகளையெல்லாம் பறித்துக்கொண்டு வந்து மேசைமேல் இரண்டு குவியலாகப் பிரித்தார்கள். ‘லென்ஸ்’ அட்டையும் அருமை. பருப்பின் லத்தீன் பெயரே கண்ணாடிவில்லைக்குப் பெயராயிற்று என்பதை, தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பு ஒன்றையும் கண்ணாடிவில்லை ஒன்றையும் பக்கவாட்டில் வரைந்து காட்டியிருப்பதால், விளக்கமே தேவைப்படவில்லை.

‘ஆப்லாங்’ என்பதற்கு நீண்ட செவ்வகத்தை மட்டும் காட்டுவது அரைகுறை. பிரிட்டனில் பெரும்பாலும் அந்தப் பொருள்தான் என்றாலும், அமெரிக்க வழக்கில் முனைகள் வளைந்த நீள்வடிவத்துக்கும் அதையே சொல்வார்கள். மாத்திரைகளின் வருணனையில் இந்தச் சொல்லைப் பார்க்கும் மாணவர் செவ்வகத்தைத் தேடக் கூடாது. ‘பியர் ஷேப்ட்’ என்பதற்குப் பேரிக்காய் வடிவம் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு காரியம் கெட்டுப்போனதைச் சொல்ல பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அதே தொடர் வருவதையும் சேர்த்திருக்கலாம்.

அட்டைகள் தடித்தவை, முனை மடங்கவில்லை, ஈரக்கையால் தொட்டாலும் மை கரையவில்லை. தமிழில் எழுதிக்காட்டிய ஒலிப்புகளில் நான் சோதித்தவரை பிழை இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்கும், பெரியவர் ஒருவர் உடனிருந்து விளக்க முடியுமானால் இந்தப் பெட்டியை வாங்கித்தரலாம். தானாகப் படிக்கட்டும் என்று பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டாம். பதிப்பகத்துக்கு ‘ஓவல்’ அட்டை குறித்து எழுதியிருக்கிறேன். அடுத்த அச்சில் திருத்தம் வரும்வரை, அந்த மாணவி முட்டையைச் சுற்றி இழுத்த பென்சில் கோட்டின்மேல் மையால் எழுதி, அந்த அட்டையையே வகுப்பில் காட்டி வருகிறேன்.