கோடோ 4: இரட்டைத் துல்லியத்தில் மட்டக்களப்பு வாவி

மட்டக்களப்பு வாவியை அதன் உண்மையான நீளத்திலேயே காட்டும் தோணி விளையாட்டொன்றை உருவாக்கி வரும் நான், கோடோ 4 விளையாட்டுப் பொறியின் இரட்டைத் துல்லிய வடிவத்தை (இடங்களை 32 பிட்டுக்குப் பதிலாக 64 பிட் எண்களில் வைக்கும் வடிவம்) மூன்று மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். கல்லடிப் பாலத்தைப் பூச்சியப் புள்ளியாக வைத்திருந்தேன். வழக்கமான பதிப்பில் பாலத்தடியில் தோணி சீராக ஓடியது. கல்முனைப் பக்கம் போனதும் துடுப்பும் அதைப் பிடித்த கையும் நடுங்கத் தொடங்கின.

வழக்கமான பதிப்பு இடங்களை வைக்கும் 32 பிட் தசம எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களே நம்பத்தக்கவை. ஆகவே பூச்சியப் புள்ளியிலிருந்து 1 மீற்றர் தொலைவில் மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் பிரித்தறியும் அதே எண், 33 கிலோமீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் படிகளாகவே நகர முடியும். கோடோவின் ஸ்கிரிப்ட் மொழியில் தசம எண் எப்போதும் 64 பிட் என்பதால் இங்கு எளிதில் ஏமாந்துவிடலாம்: கணக்கு சரியாகவே வரும், விடையை வெக்டர்3 இல் (ஓர் இடத்தின் மூன்று ஆள்கூறுகளை வைக்கும் தரவு வகை) இட்ட கணமே துல்லியம் போய்விடும். இதை அறியாமல் இரண்டு வாரங்கள் அனிமேஷனில் பிழை தேடினேன்.

இரட்டைத் துல்லியத்தில் அந்த நடுக்கம் அடியோடு மறைந்தது. பொருளின் இடத்தை இரண்டு ஒற்றைத் துல்லிய எண்களாகப் பிரித்து ஷேடருக்கு (வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரல்) அனுப்பி, கமராவுக்குச் சார்பான இடத்தை அங்கே கணிக்கும் கோடோவின் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். 64 பிட் கணக்கில் மந்தமான வரைகலை அட்டைகளுக்கு அது பெரிய உதவி. ஒரு டிரான்ஸ்ஃபோர்ம் (பொருளின் இடம், திருப்பம், அளவு ஆகியவற்றை வைக்கும் தரவு) 48 பைட்டிலிருந்து 96 பைட்டாக வளர்ந்தாலும் என் விளையாட்டில் வேகம் குறைந்ததாக உணரவில்லை.

எனினும் நீர் நுரைக்கான என் ஷேடர் உடைந்தது. கமராவின் பார்வையிலிருந்து உலக இடத்தை ஒவ்வொரு படப்புள்ளிக்கும் மீட்டெடுக்கும் வழி இந்த வடிவத்தில் செல்லாது. அதனை முனைப்புள்ளிக் கட்டத்திலேயே (பொருளின் முனைகளைக் கணிக்கும் ஷேடரின் முந்திய கட்டம்) கணித்து அனுப்ப வேண்டும்.

அதிகாரபூர்வமாகத் தரவிறக்கும் பதிப்பு ஒற்றைத் துல்லியமே என்பதால், மூலநிரலிலிருந்து பொறியையும் ஏற்றுமதி வார்ப்புருக்களையும் (விளையாட்டை வெளியிடத் தேவையான பொறியின் கோப்புகள்) நாமே தொகுக்க வேண்டும். விளையாட்டுக்களம் பூச்சியப் புள்ளியிலிருந்து 8 கிலோமீற்றருக்குள் அடங்குமானால் படி அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருக்கும், எனவே பொதுப் பதிப்பே போதும். வாவி முழுவதையும் எடுப்பவர்கள் முதல் நாளிலேயே இரட்டைத் துல்லியத்தில் தொடங்குவது நல்லது. நடுவில் மாறிய நான், சி++ இல் எழுதிய நீட்சிகள் அனைத்தையும் மறுபடி தொகுக்க நேர்ந்தது.