ஹோப்பி கச்சினா பொம்மை: செதுக்கியவரிடமே வாங்குங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி பூர்வகுடிகள் வாழும் செகண்ட் மேசாவில், செதுக்கியவர் வீட்டிலேயே இந்தக் கச்சினா பொம்மையை, அதாவது ஹோப்பிகள் நம்பும் ஓர் ஆவியின் உருவத்தை, வாங்கினேன். ஒரு சாண் உயரம், 280 டாலர். விலையைக் கேட்டதும் பின்வாங்குகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காட்டன்வுட் மரத்தின் வேரில் செய்தது. கையில் எடுத்தால் அவ்வளவு லேசு. தண்ணீரைத் தேடி ஓடும் வேர் என்பதால் ஹோப்பிகளுக்கு அது முக்கியம். வறண்ட நிலத்தில் மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கிறவர்கள் அவர்கள்.

என்னிடம் இருப்பது ஹெமிஸ் என்ற கச்சினா. தலைக்கு மேல் படிப்படியாக உயரும் பலகை, கரிய உடம்பில் பிறைக் குறிகள், கழுத்தைச் சுற்றி ஊசியிலைக் கொத்து. கழுகு இறகை விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்பதால் இறகுகளையும் மரத்திலேயே செதுக்கியிருக்கிறார். ஒவ்வொரு கீற்றும் தனியாகத் தெரிகிறது. இந்த வேலைக்கு 280 டாலர் நியாயமான விலை.

கச்சினாக்கள் மழையையும் விளைச்சலையும் கொண்டுவரும் ஆவிகள். குளிர்காலத்தில் ஊருக்கு வந்து, ஜூலையில் நிமான் சடங்கு முடிந்ததும் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்து சான் பிரான்சிஸ்கோ சிகரங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நிமானில் பல ஊர்களில் ஆடுவது இந்த ஹெமிஸ்தான். அப்போதும், பிப்ரவரியில் போவமுயா சடங்கிலும், கச்சினாக்களே சிறுமிகளின் கையில் பொம்மையைக் கொடுக்கிறார்கள். வீட்டில் சுவரிலோ உத்தரத்திலோ தொங்கும் அதைப் பார்த்துப் பார்த்தே எந்த முகம் யாருடையது என்று குழந்தை பழகிக்கொள்கிறது. ஆகவே இதை வணங்கும் சிலையாகவோ விளையாட்டுச் சாமானாகவோ நினைக்க வேண்டாம்.

விற்பனைக்கென்று செதுக்கிய பொம்மையை வாங்குவதில் தவறில்லை. சடங்கில் கச்சினாவாக ஆடுகிறவர்கள் அணியும் முகமூடிகள் வேறு. 2013இல் ஹோப்பிகள் எவ்வளவோ எதிர்த்தும் பாரிசில் அவற்றை ஏலம் விட்டார்கள். அமெரிக்காவின் அன்னன்பர்க் அறக்கட்டளை சிலவற்றை ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தது, அந்த மட்டும் நிம்மதி. முகமூடி என்று யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள்.

நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் 40 டாலருக்கு ஒரு பொம்மை பார்த்தேன். தோலும் முடியும் ஒட்டியது, அடியில் கையெழுத்து இல்லை, எந்தக் கச்சினா என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியவில்லை. பூர்வகுடிகள் செய்தது என்று பொய் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனால் செய்தவர் பெயரையும் ஊரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், ஹோப்பி ஊர்களில் படம் எடுக்கக் கூடாது, சடங்குகளை வரையவும் கூடாது. போனைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பொம்மையை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம்.