கிளாசிக் கார் மலைப்பாதை டூர்னு பணம் வாங்கிட்டு எங்கள இறக்கத்துல விட்டுட்டாங்க, முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

பழைய கார் வச்சிருக்கவங்க யாராவது மலைப்பாதை கிளாசிக் டிரைவ், அது இதுன்னு ஏதாவது டூருக்கு முன்பணம் கட்டலாமான்னு யோசிச்சுட்டு இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு இத முழுசா படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. நடத்தினவங்க பேர இங்க போடல, பணத்தத் திருப்பிக் கேட்டு எழுத்துல போயிட்டு இருக்கு. ஆனா நடந்தத மறைக்காம சொல்றேன், ஏன்னா எங்க குரூப்ல ஒருத்தர் உயிரே போயிருக்கும்.

என்னென்ன சொன்னாங்கன்னா, பழைய வண்டிகளுக்குன்னே பாத்து பாத்து போட்ட ரூட், கூடவே பழைய இன்ஜின் தெரிஞ்ச மெக்கானிக், வண்டி நின்னுபோனா ஏத்திட்டு வர பிளாட்பெட் லாரி, ராத்திரி கூரைக்குக் கீழ பார்க்கிங், எல்லாருக்கும் சேத்து இன்சூரன்ஸ். இதெல்லாம் வாய்வார்த்தை இல்ல, மெயில்லயே இருக்கு. பாதிக்கு மேல பணம் முன்னாடியே வாங்கிட்டாங்க, மீதியும் கிளம்பறதுக்கு முன்னாடியே.

விளம்பரத்துல போட்டிருந்த படம் இத்தாலியில இருக்கற ஸ்டெல்வியோ பாஸ். 2757 மீட்டர் உயரம், வடக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருப்பாங்க, மலை ரோடு பைத்தியம் இருக்கறவங்க யாரும் பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. எங்க ரூட்டுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. கேட்டதுக்கு "மாதிரிக்குப் போட்டதுங்க, நம்ம ரூட்டும் இதே அழகுதான்"னு பதில் வந்துச்சு. அழகு இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த அழகான பாதி ரோடு மூடிக் கிடந்துச்சு. உயரமான மலை ரோடுன்னா சீசன் பாக்காம பிளானே போட முடியாது, ஆஸ்திரியாவுல 1935ல திறந்த கிராஸ்குளாக்னர் ரோடு இன்னிக்கும் குளிர்காலம் முழுக்க மூடித்தான் இருக்கும், திறந்திருக்கற மாசத்துலயும் ராத்திரி விட மாட்டாங்க. எங்க ரூட்டுல மேல் பகுதி ரிப்பேருக்காக மூடியிருக்குன்னு ரோட்ட பாத்துக்கறவங்க ரொம்ப முன்னாடியே அறிவிப்பு போட்டிருந்தாங்க. நடத்தினவங்க அதக்கூட பாக்கல. அடைப்பு வரைக்கும் வரிசையா போய் நின்னப்புறம்தான் ஃபோன எடுத்து மேப்ப தடவி, "பரவால்ல, இந்தப் பக்கம் ஒரு சின்ன ரோடு இறங்குது"ன்னு திருப்பி விட்டாங்க. அந்த சின்ன ரோடுதான் எல்லாத்துக்கும் காரணம், அதுக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஏத்தத்துல நடந்தது. முன்னால வழிகாட்டி வண்டின்னு புத்தம்புது எஸ்யூவி ஒண்ணு போச்சு. அவருக்கு ஏத்தம்னா ஆக்ஸிலரேட்டர கொஞ்சம் சேத்து மிதிக்கறது, அவ்ளோதான். எங்களுக்கு அப்படியா? 2000 மீட்டர் உயரத்துல காத்து அடர்த்தி கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சிடும், காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற கார்பரேட்டர் அதுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோல தானா கொறைக்காது, கலவையில பெட்ரோல் அதிகமாகி பிளக்குல கரி படியும், இழுவை போயிடும். கீழ 40 குதிரை சக்தி இருக்கற வண்டிக்கு மேல 32தான் மிஞ்சும். போதாததுக்கு அந்த உயரத்துல சாதா தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும். இதெல்லாம் தெரிஞ்சவங்க, கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா அகலமான இடமா பாத்து நிறுத்தி, பானெட்ட திறந்து வச்சு ஆற விட்டுத்தான் கூட்டிட்டுப் போவாங்க. இவங்க ரூட் கார்டுல போட்டோ எடுக்க இடம் இருந்துச்சு, வண்டி ஆற இடம் இல்ல. வண்டிக்கு வண்டி இடைவெளி விடக்கூடாது, கான்வாய் உடையக்கூடாதுன்னு வாக்கி டாக்கில அதட்டல் வேற. வளைவுல முன்வண்டி நின்னா பின்னாடி எல்லாரும் நிக்கணும். ஃபர்ஸ்ட் கியர்ல சின்க்ரோமெஷ் (கியர் உரசாம விழ உதவற அமைப்பு) இல்லாத வண்டிய அந்த ஏத்தத்துல நிறுத்தி நிறுத்தி எடுக்க வச்சா கிளட்ச் என்னாகும்னு பழைய வண்டி ஓட்டறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு வண்டியில கிளட்ச் தீஞ்ச வாடை அடிச்சுச்சு.

என் ஃபியட் 1100 ஒரு வளைவுக்கு மேல நின்னுடுச்சு. வேப்பர் லாக். இன்ஜின ஒட்டி இருக்கற பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்ப் அடிச்சாலும் கார்பரேட்டருக்கு ஒண்ணும் ஏறல. பம்புமேல ஈரத்துணிய சுத்தி கொஞ்ச நேரம் விட்டா சரியாயிடும்னு எனக்குத் தெரியும், அதத்தான் பண்ணிட்டு இருந்தேன். அப்ப அந்த "பழைய இன்ஜின் தெரிஞ்ச" மெக்கானிக் வந்தாரு. கையில ஸ்கேனர். டேஷ்போர்டுக்குக் கீழ குனிஞ்சு ரொம்ப நேரம் எதையோ தேடினாரு. என்னண்ணே தேடறீங்கன்னு கேட்டேன். "போர்ட் எங்க சார்?"ன்னாரு. ஸ்கேனர மாட்டற அந்த ஓபிடி போர்ட் எல்லா காருக்கும் கட்டாயம்னு அமெரிக்காவுல வந்ததே 1996 மாடல்லதான், அறுபதுகள்ல வந்த வண்டியில அது எப்படி இருக்கும்? அவர் மேல எனக்குக் கோவமே இல்ல, நல்ல பையன், புது வண்டி வேலை தெரிஞ்சவர், அவரையே என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்கன்னு அவருக்கே தெரியல. பழைய இக்னிஷன்ல இருக்கற பாயின்ட்டோட இடைவெளிய அளக்க ஒரு ஃபீலர் கேஜ் இல்ல, உபரி ஃபேன் பெல்ட் இல்ல, இக்னிஷனுக்கு உபரி கண்டென்சர் இல்ல. பிளாட்பெட் எங்கன்னு கேட்டா, எஸ்யூவி டிக்கியில இருந்து ஒரு கயிற எடுத்துக் காட்டினாரு.

இப்ப அந்த இறக்கம்.

எங்க கூட வந்தவர்ல ஒரு பெரியவர், எழுபத தாண்டினவர், மோரிஸ் மைனர் வச்சிருக்காரு, அவரே கைப்பட பாத்துக்கற வண்டி. திருப்பி விட்ட ரோடு ஒரு வண்டி அகலம்தான், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு, தடுப்புச் சுவர் பாதி இடத்துல இல்ல. முன்னால போன எஸ்யூவி இறக்கத்துலயும் அதே வேகத்துல போகுது, பின்னாடி இருந்து "கேப் விடாதீங்க, கேப் விடாதீங்க"ன்னு வாக்கி டாக்கி. பெரியவர் செகண்ட் கியர்லதான் இறக்கிட்டு வந்தாரு, அந்த அதட்டலுக்கு ஈடு குடுக்க தேர்டுக்கு மாத்தினாரு. தேர்டுல இன்ஜின் வண்டிய அவ்வளவா இழுத்துப் பிடிக்காது, அப்புறம் எல்லாம் பிரேக்தான். நாலு வீலும் டிரம் பிரேக், பிரேக் ஆயில் போற சர்க்யூட் ஒரே ஒண்ணு. புது வண்டி மாதிரி தனித்தனியா ரெண்டு லைன் கிடையாது, போனா நாலும் சேந்து போகும்.

நான் அவருக்கு ரெண்டு வண்டி பின்னாடி இருந்தேன். அவர் பிரேக் லைட் விடாம எரிஞ்சுட்டே வந்துச்சு, அப்புறம் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுச்சு, அதாவது மனுஷன் பெடல பம்ப் பண்றாரு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அடுத்த வளைவுக்கு முன்னாடி ஹாரன விடாம அடிச்சுட்டே செகண்டுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்க இழுத்து, வண்டிய பாறைப் பக்கம் உரசி நிறுத்தினாரு. ஹேண்ட் பிரேக் கேபிள்ல பின் டிரம்முக்குப் போறது, பிரேக் ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அதனாலதான் பொழச்சாரு. இடது முன் மட்கார்ட் முழுக்க நசுங்கிடுச்சு. நான் ஓடிப்போய் கதவத் திறந்தப்ப அவர் கால் இன்னும் பெடல் மேலயே இருந்துச்சு, பெடல் தரையோட தரையா கிடந்துச்சு. அப்ப அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "தம்பி, பின்னாடி வர்றவங்கள நிறுத்து."

நடந்தது என்னன்னா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். டாட் 3ங்கற தர வகை ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் ஏறிட்டா அந்தக் கணக்கு 140. டாட் 4க்கு 230, ஈரம் ஏறினா 155. விடாம மிதிச்சுட்டே இறங்கினா டிரம் சூடு, வீல்கிட்ட பிரேக்க அழுத்தற வீல் சிலிண்டருக்கு ஏறி உள்ள ஆயில் ஆவியாகும், ஆவி அமுங்கும், அப்ப பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். டிரம்ம உரசற லைனிங் சூடாகி பிடிக்காம போறது வேற விஷயம், அதுல பெடல் கல்லாட்டம் இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. கொடுமை என்னன்னா ஆறினப்புறம் பெடல் பழையபடி மேல வந்துடும். நடத்தினவர் வந்து மிதிச்சுப் பாத்துட்டு "பிரேக் நல்லாத்தானே இருக்கு"ன்னாரு. அந்த இடத்துல எனக்கு வந்த கோவத்த இங்க எழுத முடியாது. தரைக் கம்பளத்தத் தூக்கி, மூடிய கழட்டி, பெடலோட சேந்த மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் மட்டத்த காட்டினோம், சரியா இருந்துச்சு, எங்கயும் கசிவு இல்ல, டிரம் பக்கத்துல கைய கொண்டுபோக முடியல. அப்பவும் அவர் ஒத்துக்கல. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வண்டிக்காவது ஆயில் எப்ப மாத்தினீங்கன்னு ஒரு கேள்வி கேட்டாங்களா? லைட், ஹாரன், ஸ்டிக்கர் நேரா ஒட்டியிருக்கா, இவ்ளோதான் அவங்க செக்கிங்.

சரி இன்சூரன்ஸ் இருக்கேன்னு கேட்டா அங்கதான் அடுத்த இடி. அவங்க சொன்ன "எல்லாருக்கும் சேத்து" இன்சூரன்ஸ் அவங்க எஸ்யூவிக்கு மட்டும். அத விட மோசம், ரூட் நடுவுல ஒரு பகுதிய நேரம் குறிச்சு ஓட்டற போட்டியா வச்சு பரிசு வேற அறிவிச்சிருந்தாங்க, அது கிளம்பற அன்னிக்குக் குடுத்த தாள்லதான் இருந்துச்சு. கிளாசிக் கார் பாலிசி பலதுல நேரம் வச்சு ஓட்டற நிகழ்ச்சிக்கு கவர் கிடையாது. டூர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய், நம்மகிட்ட கேக்காமலேயே அத போட்டின்னு ஆக்கிட்டாங்க. பெரியவரோட இன்சூரன்ஸ் கம்பெனி இப்ப அந்தத் தாள காட்டித்தான் கேள்வி மேல கேள்வி கேக்குது.

பணம் திருப்பிக் கேட்டதுக்கு வந்த பதில்: "இயற்கைச் சூழ்நிலை காரணமாக வழித்தடம் மாறலாம் என்று விதிமுறையில் உள்ளது." மூடின ரோடு இயற்கையா? முன்னாடியே அறிவிச்சது. பிளாட்பெட் வராதது இயற்கையா? சாட் குரூப்ல இதக் கேட்ட எல்லாரையும் தூக்கிட்டாங்க. நாங்க மெயில், ரூட் கார்டு, அந்தத் தாள், போட்டோ எல்லாத்தையும் சேத்து எழுத்துல அனுப்பியிருக்கோம், இன்னும் பதில் இல்ல.

இனிமே யாராவது இப்படி டூர்னு வந்தா முதல்ல கேக்க வேண்டியது, இந்த ரூட்ட பழைய வண்டியில, டிரம் பிரேக் வண்டியில, யார் ஓட்டிப் பாத்தாங்க, எந்த மாசம்? பேரும் தேதியும் சொல்ல முடியலன்னா அவங்க மேப்ப பாத்து கோடு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். இறக்கம் எவ்ளோ நீளம், நடுவுல எங்க நிறுத்தி ஆற விடறோம், ரோடு மூடினா மாற்று வழி எது, அதையும் ஓட்டிப் பாத்தாச்சா? முன்னால போற வண்டியே ஒரு பழைய வண்டியா இருக்கணும், குரூப்லயே மெதுவான வண்டி எதுவோ அதோட வேகம்தான் எல்லாருக்கும். பிளாட்பெட்னா வண்டி நம்பரும் டிரைவர் ஃபோனும் கிளம்பறதுக்கு முன்னாடி கையில வேணும். கயித்துல கட்டி இழுக்கற பேச்சே கூடாது, பிரேக் போன வண்டிய இறக்கத்துல கயித்துல கட்டினா அது முன்வண்டி மேலயே வந்து ஏறும். இன்சூரன்ஸ் தாள் நகல்ல நம்ம வண்டி இருக்கான்னு பாருங்க, நேரம் வச்சு ஓட்டற பகுதி இல்லைன்னு எழுதி வாங்குங்க.

நம்ம பக்கம், மலைக்குப் போறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில முழுசா மாத்திடுங்க, பாக்க சுத்தமா இருந்தாலும் மாத்துங்க. ரப்பர் ஹோஸையும் பாத்துடுங்க, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பெட்ரோல் ஹோஸ அரிச்சிடும். அப்புறம் வாக்கி டாக்கில யார் என்ன கத்தினாலும் இறக்கத்துல கியர மேல ஏத்தாதீங்க. பின்னாடி வர்றவங்க காத்திருக்கட்டும்.

அதே ரூட் கார்ட வச்சு, அதே ஸ்டெல்வியோ படத்தப் போட்டு அடுத்த சீசனுக்கு புக்கிங் ஆரம்பிச்சுட்டாங்கன்னு நேத்து ஒரு நண்பர் அனுப்பினாரு. அதனாலதான் கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்காம இத இப்பவே எழுதறேன். அந்தப் படத்தோட விளம்பரம் உங்களுக்கும் வந்திருந்தா பணம் கட்டாதீங்க. ஏற்கனவே கட்டினவங்க இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, எங்க கடிதத்தோட நகல அனுப்பறேன், அதையே வச்சு நீங்களும் எழுதலாம்.