ரெட்ரோ கேம் வாங்கப் போகிறீர்களா? ரிவ்யூவில் முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

பழைய டிவி கேம் பாணியில், கட்டம் கட்டமாக வரைந்த உருவங்களோடு, ஓடிக் குதித்து வாள் வீசுகிற கேம்கள் இப்போது ஐந்நூறு ரூபாய் விலையில் ஏராளமாக வருகின்றன. அப்படி ஒன்றை ரூ. 529 கொடுத்து வாங்கி ஏமாந்தேன். பணம் திரும்பி வரவில்லை. கேமின் பெயரைப் போடவில்லை. பெயர் போட்டால் அந்த ஒரு கேமை மட்டும் தவிர்ப்பீர்கள். இதே வேலையை வேறு பெயரில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். மே மாத வெயிலில் சத்துவாச்சாரியில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டைப் பக்கம் கூட்டிப்போவதென்றாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான். பகல் முழுக்க மொபைலில் ரீல்ஸ் பார்ப்பதற்கு, நாங்கள் ஆடியது மாதிரி ஒரு கேமை லேப்டாப்பில் போட்டுக் கொடுக்கலாமே என்று தேடினேன். நான் கான்ட்ராவும் அட்வென்ச்சர் ஐலேண்டும் ஆடி வளர்ந்தவன். அந்தக் காலத்து மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே பத்து இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதுவும் ஏமாற்றுதான். ஆனால் அந்தப் பத்து இருபதும் ஒழுங்காக ஓடும்.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் இந்த கேமின் பக்கத்தைத் திறந்தால் ரிவ்யூ எல்லாம் ஆகா ஓகோ. 'சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது', 'மியூசிக்குக்காகவே வாங்கலாம்', 'இந்த விலைக்கு இதுவே அதிகம்'. சதவீதமும் எண்பதுக்கு மேல். இந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆடியவர் 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு ஓட்டுப் போடுகிறார், அவ்வளவுதான். பத்துக்கு இத்தனை மார்க் என்ற பேச்சே கிடையாது. 'பரவாயில்லை, ஒரு தடவை ஆடலாம்' என்கிறவரும் 'வாழ்க்கையிலேயே சிறந்த கேம்' என்கிறவரும் கணக்கில் ஒன்றுதான். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் இருக்கும். நான் சொன்ன அந்தப் புகழ்ச்சிகளுக்கு மேலே இருந்த எண்கள் 0.4, 0.7, 1.1. மூன்றாவது ஸ்டேஜைப் பற்றி அவற்றில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் அவ்வளவு தூரம் யாரும் போயிருக்க முடியாது.

முதல் இரண்டு ஸ்டேஜும் நன்றாகவே இருக்கின்றன. அதை மறைக்க மாட்டேன். மியூசிக் பழைய மெஷினின் கீச்சுக் குரலிலேயே, ஆனால் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. எரியும் கிராமத்தின் சிவப்பும் நீலமும் அவ்வளவு அழகு. மேடைகள் அகலமாக இருக்கின்றன, எதிரிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். நடுநடுவே கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்து கதை பேசுகிறார். எழுத்து எழுத்தாக ஓடும் அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டுப் போக வழியே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாவது ஸ்டேஜ் கூரைகள் மேல். அங்கே மேடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான், இடையில் பள்ளம், எதிரே பறவைகள். பறவை இடித்தால் நம் ஆள் பின்னால் தூக்கி எறியப்பட்டு நேராகப் பள்ளத்தில் விழுகிறான். 1988-ல் வந்த நிஞ்ஜா கெய்டனை ஆடியவர்களுக்கு இந்தப் பறவைகள் பழைய எதிரிகள். ஆனால் நிஞ்ஜா கெய்டனில் பட்டனை அழுத்தினால் அந்த நொடியே ஆள் குதிப்பான். செத்தால் பழி நம் கையின் மேல்தான். இங்கே கதையே வேறு. அக்கா மகன் கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா மாமா இது, நான் அழுத்தினேன் மாமா, அது குதிக்கவே இல்ல."

பையன் சாக்குச் சொல்கிறானோ என்று மாடியில் குடியிருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிற பையன். அவன் மொபைலில் நொடிக்கு 240 படம் பிடிக்கும் ஸ்லோ மோஷனைப் போட்டு, கட்டை விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்தான். அதே லேப்டாப், அதே கன்ட்ரோலரில் வேறொரு கேமையும் ஓட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தான். மற்ற கேமில் பட்டன் உள்ளே போவதற்கும் கால் தரையை விடுவதற்கும் நடுவே உள்ள நேரம் ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோல இருக்கிறது. இந்தக் கேமில் ஒரு தடவை சீக்கிரம், அடுத்த தடவை அதைப்போல இரண்டு மடங்கு. திரையில் மூன்று எதிரிகள் சேர்ந்துவிட்டால், மேடையின் ஓரத்தில் அழுத்தியது கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. "உங்க கைல தப்பே இல்லண்ணா, இத அவங்க ஆடிப் பார்க்கவே இல்ல" என்றான்.

ஓரத்தில் அழுத்துவது என்பது இந்த வகை கேமின் உயிர்நாடி. 2018-ல் வந்த செலஸ்ட் பேய்த்தனமாகக் கஷ்டமான கேம். அதிலேயே, மேடையை விட்டுக் கால் நழுவிய பிறகும் இம்மிப் பொழுது குதிப்பதற்கு அனுமதி உண்டு. கண்ணால் பார்த்துக் கை அசைவதற்குள் ஆகும் தாமதத்தை ஈடுகட்டத்தான் அந்தச் சலுகை. ஆடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கேம் சொன்னபடி கேட்கிறது என்று மட்டும் தோன்றும். நான் வாங்கியதில் நேர் எதிர்.

இன்னொரு கூத்து, மினுக்கல். பழைய நின்டெண்டோ மெஷினில் ஒரே வரிசையில் 8 உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதிகமானால் மாற்றி மாற்றிக் காட்டும், அதனால் மினுக்கும். அது அந்த மெஷினின் போதாமை. ஷவல் நைட் என்ற கேமைச் செய்தவர்கள் பழைய பாணியை அவ்வளவு அக்கறையாகப் பின்பற்றியும், இந்த மினுக்கலை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இவர்களோ அதையும் வேலை மெனக்கெட்டுச் சேர்த்திருக்கிறார்கள். எதிரி விட்ட அம்பு மினுக்கிக் காணாமல் போகிறது, ஆனால் வந்து படுகிறது!

இதையெல்லாம் சகித்துக்கொண்டு நான்காவது ஸ்டேஜுக்குப் போனால் ஒரு லிஃப்ட். அது நிற்கிற நேரத்தில் ஆளைக் குனிய வைத்தால் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுகிறான், வெறும் கறுப்புத் திரை. வெளியே வந்து மறுபடி திறந்தால் சேவ் ஆனது காலி. 'புதிய ஆட்டம்' என்ற ஒரே பட்டன்தான் இருக்கிறது. கிராமத்துப் பெரியவர் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல ஆரம்பிக்கிறார்.

சரி, பணத்தைத் திரும்பக் கேட்போம் என்று போனேன். ஸ்டீமின் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் திருப்பித் தருவார்கள். நான் 2 மணி நேரத்தைத் தாண்டியிருந்தேன், கிடைக்கவில்லை. கடை தன் விதியை முன்னாலேயே சொல்லித்தான் விற்கிறது, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தள்ள முடியாத அந்தக் கதைப் பேச்சையும் சேர்த்துக்கொண்டு புதிதாக ஆடுகிற ஒருவர் மூன்றாவது ஸ்டேஜை எட்டும்போது மணி என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு. திட்டம் போட்டுச் செய்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நல்ல வேலைப்பாடு எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது, ஓட்டை உடைசல் எல்லாம் அதற்கு அப்புறம் இருக்கிறது. அது தற்செயல் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

கேம் செய்தவர்களுக்கு ஸ்லோ மோஷன் வீடியோவோடு எழுதினேன். பதில் வந்தது. பழைய கேம்களின் கடினத்தைத் தாங்கள் மதிப்பதாகவும், பழகப் பழகச் சரியாகும் என்றும் எழுதியிருந்தார்கள். லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரிவ்யூக்களில் குறை சொன்ன இரண்டொருவருக்கும் மற்ற ஆட்டக்காரர்கள் இதே பாட்டைத்தான் பாடியிருந்தார்கள்: ரெட்ரோ என்றால் அப்படித்தான் இருக்கும், ஆடத் தெரியாதவர்கள் புலம்புகிறார்கள் என்று. கான்ட்ராவில் மூன்று உயிரோடு முட்டி மோதியவர்களுக்கு, 30 உயிர் வாங்கித் தரும் அந்த ரகசியப் பட்டன் வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்குக் கஷ்டம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கஷ்டம் வேறு, கோளாறு வேறு.

'பாவம், சின்ன பட்ஜெட்' என்பது அடுத்த சமாதானம். கேவ் ஸ்டோரி ஒரே ஒரு ஜப்பானியர் வேலை நேரம் போக வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. 2004-ல் இலவசமாகவே கொடுத்தார். அதில் குதித்தால் குதிக்கும். ஷவல் நைட்டும் 2013-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டி, அடுத்த வருஷம் வெளிவந்ததுதான். காசு குறைவாக இருந்தால் ஸ்டேஜைக் குறைக்கலாம், உருவங்களைக் குறைக்கலாம். ஆடிப் பார்க்காமல் விற்பதற்கு அது காரணம் ஆகாது.

இனி வாங்குகிறவர்களுக்கு. ஸ்டீம் ரிவ்யூ பகுதியில், ஆடிய நேரத்தை வைத்து வடிகட்ட வசதி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் மட்டும் என்று போட்டவுடனே நான் வாங்கிய கேமின் பக்கம் அடையாளமே மாறிவிட்டது. அப்புறம் 'வேண்டாம்' ஓட்டுகளை மட்டும் தனியாகப் படியுங்கள். அதில் திட்டுகிறவர்களை விட்டுவிட்டு, இந்த இடத்தில் இப்படி ஆனது என்று ஸ்டேஜைக் குறிப்பிட்டு எழுதுகிறவர்களைத் தேடுங்கள். லிஃப்ட் விஷயத்தை ஒருவர் எனக்கு முன்னாலேயே தெளிவாக எழுதி வைத்திருந்தார், புகழ்ச்சிகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. கேமை இலவசமாக வாங்கிக்கொண்டு எழுதியவர்களுக்கு அப்படி ஒரு குறிப்பு இருக்கும். ஸ்டீமில் வாங்காமல், வெளியே கிடைத்த 'கீ' எண்ணைப் போட்டு கேமைத் திறந்து ஆடியவர்களின் ஓட்டு 2016-லிருந்து சதவீதத்தில் சேருவதில்லை, ஆனாலும் எழுத்து கண்ணில் படத்தான் செய்யும். டெமோவை நம்பாதீர்கள், அது முதல் ஸ்டேஜ்தான். யாராவது ஆடிப் போட்ட வீடியோ இருந்தால் நடுவிலிருந்து பாருங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் முதல் நாளே ஓட்டமாக ஓடி மூன்றாவது ஸ்டேஜைத் தொட்டுவிடுங்கள். சாப்பிடப் போகும்போது ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகாமல் கேமையே மூடிவிடுங்கள். திறந்து கிடக்கிற நேரமும் ஆடிய நேரமாகத்தான் ஏறும். என் கணக்கில் ஒரு மதியச் சாப்பாடும் சேர்ந்திருக்கிறது.

'வேண்டாம்' ஓட்டுப் போட்டு, ஸ்டேஜ் வாரியாக என் ரிவ்யூவையும் எழுதிவிட்டேன். போன வாரம் ஒரு அப்டேட் வந்தது. மியூசிக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வசதி செய்திருக்கிறார்கள், தலைப்புப் பக்கத்துக்குப் புதுப் படம் போட்டிருக்கிறார்கள். லிஃப்டில் குனிந்து பார்த்தேன். விழத்தான் செய்கிறான். அடுத்த தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும், அப்போதும் வாங்காதீர்கள்.